பாம்புக்கடி ஆறிய பின்னும் ஒரு பாக்கி

நம் கம்பம் பள்ளத்தாக்கில் நெல் வயலும் வாழைத் தோட்டமும் திராட்சைப் பந்தலும் உள்ளவரை எலி இருக்கும். எலி உள்ளவரை பாம்பும் இருக்கும். மூட்டைகள் அடுக்கிய நம் கிட்டங்கிகளும் இதற்கு விலக்கல்ல. கடிபட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிழைத்து வீடு திரும்பியவருக்குப் பல மாதங்களோ வருடங்களோ கழித்துத் தெரியவரும் கோளாறு ஒன்று உண்டு. வணிக நண்பர்கள் அதை அறிந்திருப்பது நல்லது.

மூளையின் அடியில், மூக்கின் மேற்பகுதிக்குப் பின்னால், பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. எடை சுமார் அரை கிராம்தான். தைராய்டு, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல், இனப்பெருக்கச் சுரப்பிகள் ஆகியவற்றுக்கு உத்தரவு இங்கிருந்துதான் போகிறது. தலைமைக் கடையிலிருந்து சீட்டு வராவிட்டால், கிளைக் கடையில் சரக்கு இருந்தும் பட்டுவாடா நடக்காது அல்லவா? அதுபோலத்தான்.

கண்ணாடி விரியனின் விஷம் இரத்தத்தை முதலில் சிறுசிறு கட்டிகளாக உறைய வைக்கும். உறைய வைக்கும் பொருள் தீர்ந்ததும் இரத்தம் உறையாமல் கசியத் தொடங்கும். இதனால் பிட்யூட்டரிக்கு இரத்த ஓட்டம் தடைபட்டால் அந்தச் சுரப்பி செயலிழந்துவிடும். தென்னிந்தியாவில் 1976லேயே இதை மருத்துவர்கள் எழுதினார்கள். 1987இல் பர்மாவில் விரிவாக ஆராய்ந்தார்கள். பிரசவத்தில் அதிக இரத்தம் போன பெண்களுக்கும் இதேபோன்ற கோளாறு வரும் என்று 1937இல் ஷீஹான் என்ற மருத்துவர் விளக்கியிருந்தார்.

அறிகுறிகள் மெதுவாகவே வரும். ஓயாத அசதி, பசியின்மை, எழுந்தால் தலைசுற்றல், குளிர் தாங்காமை, அக்குள் முடியும் தாடி மீசையும் உதிர்தல், ஆண்மைக் குறைவு, பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது ஆகியவை முக்கியமானவை. நன்றாக மூட்டை தூக்கியவர் ஒதுங்கி உட்கார்ந்தால் நாம் சோம்பேறி என்று சொல்லிவிடுகிறோம். வீட்டில் காத்து கருப்பு என்று மந்திரிக்கப் போகிறார்கள். இப்படிப்பட்டவருக்குச் சாதாரணக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால்கூட இரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை போதுமானதாக இருக்கும். காலை எட்டு மணியளவில் கார்டிசால் பார்ப்பார்கள். தைராய்டுக்கு டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் ஏமாற்றிவிடும். அது சரியாக இருப்பதுபோல் காட்டும். டி4ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார்கள்.

சிகிச்சை என்பது சுரக்காததை மாத்திரையாகக் கொடுப்பதுதான். முதலில் ஹைட்ரோகார்டிசோன் அல்லது பிரெட்னிசோலோன். அதன் பிறகே தைராக்சின். வரிசை மாறினால் ஆபத்து. இவை பெரும்பாலும் ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டியவை. உடம்பு தேறிவிட்டது என்று தாமாக நிறுத்தவே கூடாது. காய்ச்சல், ஆபரேஷன் சமயங்களில் டாக்டர் சொல்படி அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் உடனே ஊசி போட வேண்டும். ஒழுங்காக மருந்து சாப்பிடுபவர் பழையபடி உழைத்து வாழலாம்.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் பலகை மேல் அடுக்குவோம். சிந்திய தானியத்தை அன்றன்றே கூட்டுவோம். இருட்டில் டார்ச் இல்லாமல் கிட்டங்கிக்குள் சிப்பந்தியை அனுப்ப வேண்டாம். யாருக்காவது கடித்தால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் 108ஐ அழைத்து, விஷமுறிவு ஊசி உள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்புவோம். டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்வோம்.

பாம்பு கடித்துப் பிழைத்த விவசாயியோ சுமைதூக்கும் தொழிலாளியோ வருடம் கழிந்தும் தேறாமல் இருந்தால், "கடிபட்டதை டாக்டரிடம் சொன்னீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்போம். பழைய கடியை யாரும் சொல்லாததால்தான் பல நேரங்களில் நோய் பிடிபடாமல் போகிறது.