பிரதிநிதியை அளக்கும் கோல்

சட்டசபைக்குச் சென்ற பிரதிநிதி அங்கே என்ன செய்தார் என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுமென்னும் அவா நம் ஜனங்களிடையே வளர்ந்து வருகிறது. இது வரவேற்கத் தக்கதே. காலே அரைக்கால் காணி நிலத்தைக் குத்தகைக்கு விட்டவன்கூட வருஷா வருஷம் கணக்குக் கேட்கிறான். ஐந்து வருஷத்துக்குத் தன் ஓட்டையே ஒப்படைத்தவன் வாய் திறவாமலிருப்பது என்ன நியாயம்? அபேட்சகர்களின் சொத்து விவரமும் அவர்கள் மீதுள்ள வழக்குகளும் 2003-ம் வருஷத்துச் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்புக்குப் பின் பகிரங்கமாகிவிட்டன. இப்பொழுது சிலர் ஒரு படி மேலே சென்று, இன்னார் இத்தனை நாள் ஹாஜர், இத்தனை கேள்விகள் கேட்டார், ஆகவே அவருக்கு இத்தனை மதிப்பெண் என்று பட்டியல் போடத் தொடங்கியிருக்கிறார்கள். இந்தப் பட்டியல்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? விழுப்புரத்துக்கு அருகே பம்பையாற்றங்கரையிலுள்ள திருவாமாத்தூரில் ஓட்டுரிமை பெற்ற ஒருவர் தம் பிரதிநிதியை எந்தக் கோலால் அளப்பது? இதையே இன்று நாம் ஆராயப் புகுகிறோம்.

இக்கலை அமெரிக்காவில் நன்கு வளர்ந்திருக்கிறது. லோவல் என்ற அறிஞர் 1901-ம் வருஷத்திலேயே ஆங்கிலப் பார்லிமெண்டிலும் அமெரிக்கச் சட்டசபைகளிலும் பதிவான ஓட்டுக்களை எண்ணி, கட்சியின் பிடி எங்கே இறுகியிருக்கிறது, எங்கே தளர்ந்திருக்கிறது என்று கணித்தார். 1920-களில் ஸ்டூவர்ட் ரைஸ் என்பவர் அதற்கு ஓர் எளிய எண் கண்டார். கட்சியினர் அனைவரும் ஒரே பக்கம் ஓட்டளித்தால் 100. சரிபாதியாகப் பிரிந்தால் பூஜ்யம். அண்மையில், 2014-ல், வோல்டன், வைஸ்மன் என்ற இரு பேராசிரியர்கள் அங்கத்தினரின் காரியத் திறமைக்கே ஓர் அளவு வகுத்து நூல் வெளியிட்டார்கள். ஒருவர் கொண்டுவந்த மசோதாக்கள் எத்தனை, கமிட்டியில் எடுத்துக்கொள்ளப்பட்டவை எத்தனை, கமிட்டியைக் கடந்தவை எத்தனை, சபையில் நிறைவேறியவை எத்தனை, சட்டமானவை எத்தனை என்று ஐந்து படிகளாக எண்ணுகிறார்கள். வெறும் பெயர் சூட்டும் மசோதாவுக்கு 1, சாதாரண மசோதாவுக்கு 5, மிக முக்கியமானதற்கு 10 என்று எடை போடுகிறார்கள். இந்த எடை போடும் யோசனை புத்திசாலித்தனமானது என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஒரு தெருவுக்குப் பெயர் வைப்பதும் நிலச் சீர்திருத்தம் செய்வதும் ஒரே கணக்கில் ஏறினால் யார்தான் சகிப்பார்கள்!

ஆனால் அந்தக் கோலை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து சென்னைக் கோட்டையில் வைத்தால் அது எதையும் அளக்காது. முதலாவதாக, நம் சட்டசபையில் வரும் மசோதாக்களில் அநேகமாக எல்லாமே மந்திரிகள் கொண்டுவருபவை. தனி அங்கத்தினர் மசோதா சட்டமாவது அபூர்வத்திலும் அபூர்வம். டில்லிப் பார்லிமெண்டிலேயே 1970-க்குப் பிறகு அப்படி ஒன்றும் சட்டமானதில்லை. நம் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமை மசோதா 2015-ல் ராஜ்ய சபையில் நிறைவேறியும் லோக் சபையைத் தாண்டவில்லை. அமெரிக்கக் கணக்கின்படி நம் அங்கத்தினர் 234 பேரில் மந்திரிகள் நீங்கலாக ஏறக்குறைய எல்லோருக்கும் பூஜ்யமே கிடைக்கும்.

இரண்டாவதாக, ஓட்டுப் பதிவைப் பார்க்கலாமென்றால் பதிவு எங்கே இருக்கிறது? மசோதாவோ மானியக் கோரிக்கையோ, 'ஆம் என்போர் ஆம் என்க, இல்லை என்போர் இல்லை என்க' என்று சபாநாயகர் கேட்கிறார். குரல் ஓங்கிய பக்கம் வென்றதாக அறிவிக்கிறார். எவர் வாய் எதற்காகத் திறந்தது என்று எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. பிரித்து எண்ணும் வாக்கெடுப்பை யாரேனும் வற்புறுத்திப் பெற்றாலன்றித் தலைக் கணக்கே கிடையாது. 1985-ல் அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்ட பின்போ, கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டளிப்பவரும், ஓட்டளிக்காமல் இருப்பவரும், கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிடில் பதவியையே இழக்கலாம். ரைஸ் கண்ட எண் இங்கே எந்நாளும் நூறாகவே நிற்கும். அது கொறடாவின் பலத்தைக் காட்டுமேயொழிய அங்கத்தினரின் மனத்தைக் காட்டாது.

எப்பொழுதும் இப்படி இருந்ததில்லை. 1953-ம் வருஷம் ஜூலை மாதத்தை நினைத்துப் பாருங்கள். ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தின் மீது சென்னைச் சட்டசபையில் விவாதம் நடந்தது. திட்டத்தைக் கைவிட வேண்டுமென்ற பிரேரணைக்கு ஆதரவாக 138, எதிராக 138 ஓட்டுக்கள் விழுந்தன. பின்பு, திட்டத்தை நிறுத்தி வைத்து நிபுணர் குழுவின் ஆராய்ச்சிக்கு விட வேண்டுமென்ற பிரேரணை 139-க்கு 137 என்ற கணக்கில் நிறைவேறிற்று. அந்த 139 பேரில் ஒரே ஒருவர் பக்கம் மாறியிருந்தால் மீண்டும் சமநிலைதான். மாகாணத்துக் குழந்தைகளின் படிப்பு ஒரு தனி மனிதரின் கையுயர்வில் தொங்கிக்கொண்டிருந்தது. மறு வருஷம் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் முதல் மந்திரியானார். தங்கள் அங்கத்தினர் அன்று எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்கத் தென்னார்க்காடு ஜில்லாக் குடியானவருக்கு அப்பொழுது முழு நியாயம் இருந்தது. கேள்விக்குப் பதிலும் இருந்தது.

இப்பொழுதோ, தலைகள் எண்ணப்பட்ட தினத்தில்கூட எண்ணிக்கை முழுக் கதையையும் சொல்லிவிடுவதில்லை. 2017 பிப்ரவரி 18-ந் தேதி எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோரியபோது ஆதரவாக 122, எதிராக 11. தி.மு.க.வினர் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார்கள். காங்கிரஸாரும் முஸ்லிம் லீகாரும் வெளிநடப்புச் செய்திருந்தார்கள். அன்றைய தினத்தைப் பட்டியல்காரர் எப்படி எழுதுவார்? காவலரால் வெளியே கொண்டுவிடப்பட்டவரை 'ஆஜரில்லை' என்று எழுதுவதா? எதிர்த்து ஓட்டளித்த 11 பேரும் அடுத்த ஆகஸ்டில் இரு அணிகள் இணைந்த பின் ஆளும் கட்சி வரிசையிலேயே அமர்ந்தார்கள். அவர்களைப் பதவி நீக்குவதா என்ற வழக்கு 2020 வரை கோர்ட்டுகளில் இழுத்தது. இரகசிய வாக்கெடுப்பு வேண்டுமென்று எதிர்க்கட்சியினர் அன்று கேட்டார்கள், சபாநாயகர் மறுத்தார். கொறடாவின் பயம் நீங்க இரகசியம் வேண்டுமென்பது ஒரு நியாயந்தான். ஆயினும், ஓட்டுப்போட்டு அனுப்பிய ஜனங்களிடமிருந்தும் அந்த இரகசியம் மறைந்துவிடுமே என்பதை அன்று வாதாடியவர்கள் யாரும் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை.

ஓட்டுத்தான் கிடையாது, கேள்விகளையும் ஹாஜரையும் எண்ணலாமே என்பார்கள். விழுப்புரம் தொகுதியையே எடுத்துக்கொள்வோம். 2006 முதல் 2011 வரை அதன் அங்கத்தினர் பொன்முடி, அவர் மந்திரி. 2016 முதல் 2021 வரை சி. வி. சண்முகம், அவரும் மந்திரி. மந்திரி சபையில் கேள்வி கேட்பதில்லை. கேட்பவர்களுக்குப் பதில் சொல்கிறார். கேள்விப் பட்டியலில் இருவருக்கும் பூஜ்யமே விழும். இரண்டு எதிர்க்கட்சிகளைச் சேர்ந்த இருவரையும் ஒரே பூஜ்யம் சமமாக்கிவிடுகிறது!

அடுத்தாற்போலுள்ள விக்கிரவாண்டியின் கதை இன்னும் விசித்திரம். 2008-ம் வருஷத்துத் தொகுதி மறுசீரமைப்பில் பிறந்த அத்தொகுதி 2011, 2016, 2019, 2021, 2024 என்று பதின்மூன்று வருஷத்துக்குள் ஐந்து தேர்தல்களையும் ஐந்து அங்கத்தினர்களையும் கண்டது. 2016-ல் வென்ற ராதாமணி 2019 ஜூனில் காலமானார். 2021-ல் வென்ற புகழேந்தி 2024 ஏப்ரலில் காலமானார். இடையில் 2019 அக்டோபரில் வந்த முத்தமிழ்ச்செல்வனுக்குக் கிடைத்த காலம் ஒன்றரை வருஷமே. அதிலும் பெரும்பகுதி கொள்ளை நோய்க் காலம். ஐந்து வருஷம் முழுவதும் இருந்தவரையும் இவரையும் மொத்த எண்ணிக்கையில் ஒப்பிடுவது எருதையும் கன்றையும் ஒரே நுகத்தில் பூட்டுவதாகும். வகுக்க வேண்டிய எண்ணைக் கவனியாத புள்ளி விவரம் பொய்யைவிடக் கேடானது. ஏனெனில் பொய்யை மறுக்கலாம். ஹாஜர்ப் பட்டியலிலும் இதே குறைதான். இரண்டு கூட்டத் தொடர்களுக்கிடையே ஆறு மாதம் கடக்கக்கூடாதென்பதற்கு மேல் அரசியல் சட்டம் எதையும் விதிக்கவில்லை. சபையே கொஞ்ச நாள் கூடினால், நூற்றுக்கு நூறு ஹாஜரானவரும் கொஞ்ச நாள் வேலை செய்தவர்தான்.

திருவாமாத்தூரில் வட்டப்பாறை என்று ஒன்றுண்டு. வழக்கு முற்றியவர்கள் அதன் முன் சத்தியம் செய்து தீர்த்துக்கொள்வது வழக்கம். உடன்பிறந்தார் இருவரில் ஒருவன் மற்றவனின் பொருளைக் கைத்தடிக்குள் மறைத்து, அத்தடியை மற்றவன் கையிலேயே கொடுத்துவிட்டு, 'என்னிடம் ஒன்றுமில்லை, எல்லாம் அவனிடமே இருக்கிறது' என்று சத்தியம் செய்தானென்று அவ்வூரார் ஒரு கதை சொல்வார்கள். சொல் ஒவ்வொன்றும் உண்மை. சத்தியம் முழுவதும் பொய். பல மதிப்பெண் பட்டியல்கள் அந்தக் கைத்தடியைத்தான் நமக்கு நினைவூட்டுகின்றன. இதே தலத்தின்மீது கலம்பகம் பாடிய இரட்டைப் புலவர்கள் கோயில் ஆற்றின் எந்தக் கரையிலிருக்கிறதென்பதை மாற்றிப் பாடிவிட்டார்களென்றும், பாட்டைப் பொய்யாக்க மனமின்றி ஆறே தன் போக்கை மாற்றிக்கொண்டதென்றும் ஐதிகம். புலவர்களுக்குக் கிடைத்த அந்தச் சலுகை புள்ளி விவரக்காரருக்குக் கிடையாது.

எண்ணுக்கே அகப்படாத வேலையும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-ல் சென்னைச் சட்டசபையில், கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார். 1929-ல் அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேறிற்று. 1930-ல் மகாத்மா காந்தி சிறைப்பட்டதைக் கண்டித்து அவர் சபையிலிருந்தே விலகினார். முழு ஒழிப்புக்கான சட்டம் 1947-ல், திண்டிவனத்துக்கு அருகேயுள்ள ஓமந்தூரைச் சேர்ந்த ராமசாமி ரெட்டியார் பிரதம மந்திரியாயிருந்தபோது வந்தது. 1930-ல் யாராவது மதிப்பெண் போட்டிருந்தால் அந்த அம்மையாருக்கு அரைகுறை மதிப்பெண்ணே கிடைத்திருக்கும். இருபது வருஷங்கழித்துக் காய்த்த மரத்தை நட்டவர் கணக்கில் எழுதுவதா, பறித்தவர் கணக்கில் எழுதுவதா? இருவர் கணக்கிலும் எழுத வேண்டுமென்பதே நம் அபிப்பிராயம். ஆனால் அப்படி எழுதும் பட்டியலை நாம் இதுவரை கண்டதில்லை.

முடிந்த வேலைகளை எண்ணினால் போதாதோ என்பாரும் உண்டு. தென்பெண்ணையாற்றின் குறுக்கே தளவானூரில் சுமார் 25 கோடி ரூபாய் செலவில் கட்டிய தடுப்பணை 2020-ல் திறக்கப்பட்டது. எந்தப் பட்டியலிலும் அது 'முடிந்த வேலை 1' என்றே ஏறும். 2021 ஜனவரியில் அதன் ஒரு பகுதி உடைந்து போயிற்று. உடைந்ததைக் கழித்து எழுதும் பட்டி பட்டியலில் இல்லை. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டி இந்த ஜில்லாவையே மிதக்கவிட்டபோது, ஆற்றுக் கரைகளைப் பற்றியும் ஏரி மதகுகளைப் பற்றியும் எந்த அங்கத்தினர் எப்பொழுது பேசினார், சர்க்கார் என்ன பதில் சொன்னது என்பதே ஜனங்களுக்குத் தேவைப்பட்ட கணக்கு. அது கேள்விகளின் மொத்தத் தொகையில் அடங்குவதல்ல.

இவ்வளவு சொன்னதால் நாம் எண்ணிக்கைக்கு விரோதிகளென்று யாரும் கருத வேண்டாம். எண்ண வேண்டியதை எண்ணுங்கள் என்கிறோம். சட்டசபையில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. மந்திரிகள் சபையில் 'ஆவன செய்யப்படும்' என்று சொன்னவற்றில் எவை நிறைவேறின என்று பார்ப்பது அதன் வேலை. ஓர் அங்கத்தினர் கேட்டுப் பெற்ற உறுதிமொழிகள் எத்தனை, அவற்றுள் காரியமானவை எத்தனை என்பது அவருடைய நாவன்மையையும் விடாமுயற்சியையும் ஒருங்கே காட்டும். 2022 ஆகஸ்டில் முதல் மந்திரி ஸ்டாலின் 234 அங்கத்தினர்களுக்கும் கடிதமெழுதி, தத்தம் தொகுதியின் மிக முக்கியமான பத்துக் கோரிக்கைகளை அனுப்பும்படி கேட்டார். நல்ல கோல் ஒன்று வலிய வந்து கைக்குக் கிடைத்தது போலாயிற்று. ஆளும் கட்சியார், எதிர்க்கட்சியார் என்ற பேதமின்றி எல்லோருக்கும் அதே பத்து. எந்தப் பத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதிலேயே ஒருவரின் விவேகம் தெரிந்துவிடும். எத்தனை நிறைவேறின என்பதில் அவருடைய திறமையில் ஒரு பங்கும் சர்க்காரின் பாரபட்சமின்மையில் ஒரு பங்கும் தெரியும்.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. பண ஒதுக்கீட்டையும் சட்டத்தையும் பற்றிய முக்கியமான வாக்கெடுப்புக்களிலேனும் இன்னார் இன்ன பக்கம் என்று பெயர் வாரியாகப் பதிவு செய்து அன்றே வெளியிட வேண்டும். இயந்திர உதவி மலிந்துவிட்ட இக்காலத்தில் இதற்குத் தடை சொல்ல முடியாது. மற்றொன்று, அந்தப் பத்துக் கோரிக்கைகளைப் போன்ற பட்டியலையும், அதன் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அன்றைய நிலையையும், அங்கத்தினர் கையொப்பமிட்டு வருஷந்தோறும் கிராமங்களுக்கு அனுப்ப வேண்டும். அக்டோபர் 2-ந் தேதி கிராம சபை கூடும்போது திருவாமாத்தூரில் அதை ஒருவர் எழுந்து வாசிக்கட்டும். பதில் சொல்ல அங்கத்தினருக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கட்டும்.