டெபாசிட் முழுவதும் பத்திரத்தில் ஏறட்டும்

மும்பையின் தாராவியிலும் செம்பூரிலும் வாடகை கட்டுப்படியாகாத நம் தமிழர்கள் உல்லாஸ்நகர், விட்டல்வாடி வரை ரூம் தேடி வருகிறார்கள். சேமித்ததையெல்லாம் ‘ஹெவி டெபாசிட்’டாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது, பலருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அந்தப் பணத்துக்குக் காவல் பத்திரம் ஒன்றுதான்.

“பதினோரு மாசம்தானே, நோட்டரி போதும்” என்பார் புரோக்கர். மகாராஷ்டிரத்தில் போதாது. 1999ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, எத்தனை மாதமானாலும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். அது வீட்டுக்காரரின் பொறுப்பு. தவறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அடுத்த வலை இதைவிட மோசம். “மூணு லட்சத்துல அம்பதாயிரம் மட்டும் எழுதுவோம், ஸ்டாம்ப் டூட்டி மிச்சம்” என்பார்கள். எவ்வளவு மிச்சம்? டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வட்டி என்று கணக்கிட்டு, அதில் 0.25 சதவீதம்தான் வரி. மறைக்கும் இரண்டரை லட்சத்துக்கு ஆண்டுக்கு 62 ரூபாய் 50 காசு! இந்தச் சில்லறைக்காக இரண்டரை லட்சத்தைப் பணயம் வைக்கலாமா? அதே சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ எனப்படும் இந்தப் பத்திரத்தில் எழுதியிருப்பதே முடிவான சாட்சி. பத்திரம் மராத்தியில் இருந்து உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டால், தெரிந்தவரை வைத்து வரிவரியாகப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். காலக்கெடு முடிந்தும் புதுப்பிக்காமல் தங்கினால், அதே பிரிவின்படி பத்திரத்தில் உள்ள மாதக் கட்டணத்தை இரட்டிப்பாகக் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு.

பத்திரம் சரியாக இருந்தால் போதுமா? 2021 மே மாதத்தில் மட்டும் உல்லாஸ்நகரில் இரண்டு கட்டடங்களில் ஸ்லாப் சரிந்து பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். ரூம் பார்க்கப் போகும்போது கூரையை அண்ணாந்து பாருங்கள். கம்பி துருவேறித் தெரிகிறதா, ஒரு இடத்தில் மட்டும் புதுப்பூச்சா? 30 ஆண்டு தாண்டிய கட்டடத்துக்கு உறுதித்தன்மைச் சோதனை கட்டாயம். சொசைட்டியில் அந்த அறிக்கையைக் கேளுங்கள். மாநகராட்சியின் அபாயக் கட்டடப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

காலி செய்த பிறகும் டெபாசிட் வரவில்லையா? வாய்ப்பேச்சிலேயே மாதங்களைக் கடத்தாதீர்கள். வழக்குப் போட மூன்று ஆண்டுதான் அவகாசம். முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால், தாணே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். உதவி எண் 15100.