பிள்ளையின் வாசிப்பு எங்கே நிற்கிறது?

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தவறாமல் டியூஷன் போகிறது, வீட்டுப்பாடமும் முடிந்துவிடுகிறது. ஆனால் இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறது. ‘படிப்பு ஏறவில்லை’ என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். பல நேரம் குறை பிள்ளையிடம் இல்லை. பிள்ளை நிற்கும் இடம் ஒன்று, நாம் சொல்லிக்கொடுக்கும் இடம் வேறொன்று.

குர்ஆன் மதரஸாவில் இந்தத் தவறு நடப்பதில்லை. அலிஃப், பே தெரியாத பிள்ளைக்கு, வயது எதுவானாலும், யாரும் ஜுஸ்உ கொடுப்பதில்லை. உஸ்தாது ஒவ்வொருவராக ஓதக் கேட்டு, பழைய பாடம் சரியான பிறகே அடுத்ததைத் தருகிறார். தமிழ் வாசிப்புக்கும் இதுவே வழி.

பிரதம் தொண்டு நிறுவனத்தின் முயற்சியில் 2005 முதல் நடந்துவரும் ‘அசர்’ ஆய்வில், பிள்ளைகளைத் தனித்தனியாக உட்காரவைத்து எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை ஆகியவற்றை வாசிக்கச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்தே கற்பிக்கிறது.

இதை வீட்டிலேயே செய்யலாம். இரண்டாம் வகுப்புக் கதையில் தொடங்கி, தடுமாறினால் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிப் பாருங்கள்.

எழுத்தில் நின்றால், 247 எழுத்தையும் ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம். க, கா, கி, கீ என ஒரு மெய்யோடு குறிகளைப் பழக்குங்கள். கெ, கே, கை ஆகியவற்றில் குறி முன்னால் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். அங்கே பொறுமை வேண்டும்.

சொல்லில் நின்றால் மீன், படகு, கடல், வாழை போன்ற தெரிந்த சொற்களை எழுதிக் காட்டுங்கள்.

பத்தியில் நின்றால் முதலில் நீங்கள் வாசியுங்கள், பிறகு சேர்ந்து, பிறகு பிள்ளை தனியாக. நூறு சொல்லில் பத்துக்கு மேல் தடுமாறினால் அந்தப் பத்தி இப்போதைக்குக் கடினம், எளியதை எடுங்கள்.

சில பிள்ளைகள் சரளமாக வாசிப்பார்கள், ஆனால் பொருள் சொல்லத் தெரியாது. அவர்களுக்கு எழுத்துப் பயிற்சி தேவையில்லை. ‘என்ன நடந்தது? ஏன்?’ என்று கேட்டுப் பேசுங்கள்.

வாப்பா வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் உம்மாவோ லாத்தாவோ தினம் இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும். தம்பி தங்கையோடு ஒப்பிட வேண்டாம். வெட்கப்பட்ட பிள்ளை வாசிக்காமல் தப்பிக்கவே பார்க்கும். புத்தகத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். டியூஷன் ஆசிரியரிடமும், வீட்டுப்பாடத்துக்கு முன் பத்து நிமிடம் பிள்ளை வாசிப்பதைக் கேட்கச் சொல்லுங்கள்.