மனுத்தாக்கலிலேயே தொடங்கிவிடும் ஆபத்து

செய்தியும் செய்தியாளரும் – 9

தேர்தல் செய்தி சேகரிப்பில் ஆபத்து என்றாலே பத்திரிகை அலுவலகங்களுக்கு நினைவுக்கு வருவது வாக்குப்பதிவு நாள்தான். கூடுதல் ஆள், வாடகைக் கார், ஹெல்மெட் என எல்லா ஏற்பாடும் அந்த ஒரு நாளுக்கே நடக்கும். ஆனால் செய்தியாளர்கள் மீது ஒரே நேரத்தில் நடந்த தாக்குதல்களில் மிகக் கொடியது, வாக்குப்பதிவுக்கு ஐந்தரை மாதம் முன்பு, மனுத்தாக்கலுக்குப் போகும் வழியில் நடந்தது.

பிலிப்பைன்ஸின் தெற்கே 2022 வரை இருந்தது மகிந்தனாவோ மாகாணம். அங்கே ஆளுநர் பதவி அம்பட்டுவான் குடும்பத்தின் பிடியில் இருந்தது. 2010 மே தேர்தலில் அந்தக் குடும்பத்தை எதிர்த்து நிற்க எஸ்மாயல் மங்குடடாட்டு என்பவர் முடிவெடுத்ததும் கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் தான் போகாமல், மனுவைத் தாக்கல் செய்ய மனைவியையும் சகோதரிகளையும் வழக்கறிஞர்களையும் அனுப்பினார். பெண்களைத் தொடமாட்டார்கள், கூடவே பத்திரிகைக்காரர்கள் இருந்தால் நிச்சயம் தொடமாட்டார்கள் என்பது கணக்கு. 2009 நவம்பர் 23 அன்று ஆயுதக் கும்பல் நெடுஞ்சாலையில் அந்த வண்டிகளை மறித்து, ஒதுக்குப்புறமான மேட்டுக்கு ஓட்டிச் சென்று, எல்லோரையும் கொன்றது. உடல்களையும் வண்டிகளையும் புதைக்கப் பொக்லைன் தயாராக நின்றது. இறந்தவர்கள் 58 பேர். அவர்களில் 32 பேர் ஊடகத்தினர். அந்தச் சாலையில் தற்செயலாக வந்து மாட்டிக்கொண்டவர்களும் இறந்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2019 டிசம்பரில்தான் அம்பட்டுவான் குடும்பத்தின் முக்கியப் புள்ளிகள் உட்பட 28 பேர் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது.

அங்கே செய்தியாளர்கள் செய்தி சேகரிக்கத்தான் போனார்கள். ஆனால் அழைத்தவருக்கு அவர்கள் கேடயம். இந்த இரண்டும் ஒன்றாகும் இடத்தை முன்கூட்டியே அறிவதுதான் தேர்தல் காலப் பாதுகாப்பின் முதல் வேலை. யார் அழைக்கிறார்கள், எதற்காக அழைக்கிறார்கள், யாருடைய வண்டி, வழியில் திரும்ப வேண்டுமென்றால் யார் சொல்லி யார் திருப்புவது என்ற கேள்விகளுக்குக் கிளம்பும் முன்பே பதில் இருக்க வேண்டும். வேட்பாளரின் காரில் தொற்றிக்கொண்டு போவது நம் ஊரில் சாதாரணம். பெட்ரோல் செலவு மிச்சம், பேட்டியும் நிச்சயம். ஆனால் அந்தக் கார் மீது கல் விழும்போது உள்ளே இருப்பவர் எந்தக் கட்சி என்று யாரும் கேட்பதில்லை. தனி வண்டி கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று நிறுவனங்களின் நிருபர்கள் சேர்ந்து ஒரு வண்டி பிடிப்பது மேல்.

போலீஸுடன் போவது பாதுகாப்பு என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 2018 சத்தீஸ்கர் சட்டமன்றத் தேர்தலின்போது, பல ஆண்டுகளாக வாக்குப்பதிவையே காணாத தந்தேவாடா மாவட்டக் கிராமம் ஒன்றுக்கு தூர்தர்ஷன் குழு கிளம்பியது. போலீஸார் ஓட்டிய பைக்குகளில் அவர்கள் பின்னால் உட்கார்ந்து போனார்கள். அக்டோபர் 30 அன்று மாவோயிஸ்ட்டுகள் வழியில் பதுங்கியிருந்து சுட்டதில் ஒளிப்பதிவாளரும் போலீஸாரும் இறந்தார்கள். குழுவில் இருந்த உதவியாளர் தரையோடு தரையாகக் கிடந்தபடி, தான் பிழைக்கப்போவதில்லை என்று நினைத்து, அம்மாவுக்காகத் தன் போனில் வீடியோ பதிவு செய்தார். அவர் பிழைத்தார், அந்த வீடியோவை நாடே பார்த்தது. ஊடகத்தைக் குறிவைக்கவில்லை என்று மாவோயிஸ்ட்டுகள் பிறகு சொன்னார்கள். அவர்களின் கண்ணுக்கு அங்கே தெரிந்தது போலீஸ் வண்டிகள் மட்டும்தான். ஒரு தரப்பு ஆயுதம் ஏந்திய இடத்தில் இன்னொரு தரப்பின் வண்டியில் ஏறினால் அந்தத் தரப்பின் ஆளாகவே எண்ணப்படுவோம் என்பதைத் தெரிந்துகொண்டுதான் ஏற வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆபத்தின் அளவு சிறியது, வடிவமும் வேறு. பிரச்சாரக் கூட்டத்தில் நெரிசல், தொண்டர்களின் தள்ளுமுள்ளு, நள்ளிரவில் பணப் பட்டுவாடாவைப் படம் பிடிக்கப் போய்ச் சந்துக்குள் சிக்கிக்கொள்வது ஆகியவையே இங்கே அதிகம். பட்டுவாடா செய்தியில் தனியாகப் போகவே கூடாது. ஒருவர் படம் எடுக்க, இன்னொருவர் தெருமுனையில் இஞ்சினை அணைக்காத பைக்குடன் நிற்க வேண்டும். பறக்கும் படைக்குத் தகவல் கொடுத்துவிட்டு அவர்கள் வரும்போது எடுக்கும் படம், முதலில் எடுத்த படத்தைவிட மதிப்புக் குறைந்தது அல்ல.

மைக்கில் மாட்டும் லோகோ இங்கே தனிப் பிரச்சினை. பல தமிழ்ச் சேனல்கள் கட்சிச் சார்போடு அறியப்பட்டவை என்பதால், லோகோவைப் பார்த்ததுமே நிருபரைக் கட்சிக்காரர் என்று கூட்டம் முடிவு கட்டிவிடும். சூடான இடங்களில் அனுபவசாலிகள் லோகோ உறையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்கள். அடையாள அட்டையையும் கழுத்துக் கயிற்றில் தொங்கவிடாமல் சட்டைப் பையில் வைப்பது நல்லது. கயிற்றைப் பிடித்து இழுப்பது எளிது.

வாக்குப்பதிவு நாளைப் பொறுத்தவரை சட்டம் தெளிவானது. வாக்குச்சாவடிக்குள் நுழையத் தேர்தல் ஆணையத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். நிறுவனத்தின் அட்டை போதாது. அந்தக் கடிதம் இருந்தாலும் வாக்காளர் வாக்களிக்கும் மறைவிடத்தைப் படம் எடுக்கக் கூடாது. கடிதம் இல்லாத நிருபர் உள்ளே போய்விட்டால், பிறகு அவரை யார் தாக்கினாலும் வழக்கு முதலில் அவர்மீதே பாயும். தாலுகா அளவில் செய்தி தரும் பகுதிநேர நிருபர்களில் பலருக்கு இந்தக் கடிதம் வந்து சேர்வதே இல்லை என்பது நிர்வாகங்கள் கவனிக்க வேண்டிய விஷயம். கடிதம் பெற்றவர்களுக்குத் தபால் வாக்கு வசதியும் உண்டு.

வெயிலையும் ஆபத்துக் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்டமான ஜூன் 1 அன்று உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 33 தேர்தல் பணியாளர்கள் வெப்பத்தால் இறந்ததாக அம்மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி தெரிவித்தார். அதே வெயிலில்தான் நிருபரும் நின்று லைவ் கொடுக்கிறார். இரண்டு லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ் பொட்டலம், தொப்பி, மூடிய ஷூ ஆகியவற்றுக்கு மொத்தச் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டைத் தாண்டாது, ஷூவைத் தவிர.

கலவரம் மூளும்போது எங்கே நிற்பது என்பதற்கு அனுபவம் சொல்லும் விதி ஒன்று உண்டு: போலீஸுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நிற்காதே. பக்கவாட்டில், முதுகுக்குச் சுவர் இருக்கும்படி, வெளியேற இரண்டு வழி உள்ள இடத்தில் நிற்க வேண்டும். வண்டியை வந்த திசையைப் பார்த்துத் திருப்பி நிறுத்துவது பழைய டிரைவர்களின் பழக்கம். காரணம் இல்லாமல் வந்த பழக்கம் அல்ல. மாடியிலிருந்து படம் எடுப்பது பாதுகாப்பானதாகத் தோன்றும், ஆனால் படிக்கட்டு ஒன்றே ஒன்றுதான் என்றால் அது பொறி. கண்ணீர்ப்புகை வீசப்பட வாய்ப்புள்ள இடத்துக்குக் கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் போகக் கூடாது. எண்ணெய்ப் பசையுள்ள கிரீமும் கூடாது, புகையின் துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். பட்டுவிட்டால் கண்ணைத் தேய்க்காமல் காற்று வரும் திசைக்கு நகர்ந்து, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

அடிப்பவர் எப்போதும் கூட்டத்துக்காரராகத்தான் இருப்பார் என்பதில்லை. 2021 ஜனவரித் தேர்தலுக்கு முன்பு உகாண்டாவில் எதிர்க்கட்சி வேட்பாளர் போபி வைனின் பிரச்சாரத்தைப் பின்தொடர்ந்த செய்தியாளர்களைப் போலீஸ் தாக்கியது. மன்னிப்புக் கேட்கச் சொன்னபோது காவல்துறைத் தலைவர் மறுத்தார். ஆபத்தான இடத்துக்குப் போகக் கூடாது என்பதைப் புரியவைக்க அவர்கள் நன்மைக்காகவே அடிக்கிறோம் என்ற பொருளில் பதில் சொன்னார். அதே தேர்தலின்போது அங்கே இணையம் முடக்கப்பட்டது. 2020 ஆகஸ்ட் 9 தேர்தலையொட்டி பெலாரஸிலும் இதுவே நடந்தது.

வாட்ஸ்அப் குழுவை மட்டும் நம்பியிருக்கும் ஆசிரியர் குழுவுக்கு அப்படியொரு நாளில் தன் நிருபர் எங்கே இருக்கிறார் என்பதே தெரியாது. மணிக்கொரு முறை சாதாரண அழைப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ தகவல் சொல்வது, இரண்டு முறை தவறினால் அலுவலகம் யாரை அழைக்கும் என்பதை எழுதிவைப்பது, முக்கிய எண்களைக் காகிதத்தில் வைத்திருப்பது ஆகியவற்றுக்குத் தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். போனைத் திறக்க விரல்ரேகைக்கும் முகத்துக்கும் பதில் நீளமான எண் பூட்டு இருப்பது நல்லது; பிடித்துவைத்தவர்கள் கையை இழுத்துப் போனின் மேல் வைத்துவிட முடியும். பணம் வாங்கியதைச் சொன்ன வாக்காளரின் எண்ணும் பேச்சும் அந்தப் போனில் இருந்தால், ஆபத்து நிருபரோடு நிற்காது. பெண் செய்தியாளர்களுக்கு வீட்டு முகவரியும் குடும்பப் படங்களும் பரப்பப்படுவது தேர்தல் நேரத்தில் கூடுகிறது என்பதால், சமூக ஊடகக் கணக்குகளைப் பிரச்சாரம் தொடங்கும் முன்பே இரட்டைப் பூட்டுப் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்.

வாக்கு எண்ணி முடிந்ததும் அலுவலகங்கள் பெருமூச்சு விடுகின்றன. ஆனால் யாழ்ப்பாணத்தில் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் கொல்லப்பட்டது தேர்தல் முடிந்து ஒன்பது நாள் கழித்து. பிபிசி தமிழோசைக்கும் வேறு ஊடகங்களுக்கும் செய்தி தந்துகொண்டிருந்த அவர், 2000 அக்டோபர் 10 நாடாளுமன்றத் தேர்தலில் நடந்த முறைகேடுகளைப் பற்றி எழுதியிருந்தார். அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், ராணுவத்தின் கடும் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியில், வீட்டில் எழுதிக்கொண்டிருந்தவரை ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். கையெறி குண்டும் வீசியதில் பெற்றோரும் மருமகனும் காயம்பட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த நிருபர் வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் விமானம் ஏறிவிடுவார். உள்ளூர்க்காரருக்கு எழுதிய செய்தியும் அதில் குறிப்பிடப்பட்டவர்களும் அதே ஊரில்தான். தேர்தலுக்குப் பிந்தைய ஒரு மாதம் உள்ளூர் நிருபருக்கு விடுப்போ வேறு ஊர்ப் பணியோ தருவது, சர்ச்சைக்குரிய செய்தியை அவர் பெயர் இல்லாமல் வெளியிடுவது ஆகியவை நிர்வாகத்தால் முடிந்தவை. செலவைக் காரணம் காட்டி இதைத் தள்ளிப்போடுவதுதான் வழக்கம்.

தாக்குதல் நடந்துவிட்டால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டில் காயத்தைப் பதிய வேண்டும். தனியார் மருத்துவமனையில் கட்டுப்போட்டுக்கொண்டு வீடு திரும்பினால் வழக்கு பலவீனமாகும். காவல்நிலையத்தில் புகார் கொடுத்து, எஃப்ஐஆர் உடனே போடாவிட்டாலும் சிஎஸ்ஆர் ரசீதாவது வாங்கிக்கொள்ள வேண்டும். உடைந்த கேமராவைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன்பு படம் எடுத்து வைக்க வேண்டும். தேர்தல் வழக்கை முடிவு அறிவித்த 45 நாட்களுக்குள் தொடுக்கலாம் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். அதனால் பட்டுவாடாவையோ சாவடிக் கைப்பற்றலையோ எடுத்த காட்சியை இரு தரப்பும் கேட்டு வருவார்கள், சில நேரம் கெஞ்சி, சில நேரம் மிரட்டி. மெமரி கார்டின் மூலப் பிரதி அலுவலகத்தின் பூட்டுக்குள் இருக்க வேண்டும், நிருபரின் வீட்டில் அல்ல. நீதிமன்றம் கேட்டால் உரிய சான்றிதழோடு நிறுவனமே தாக்கல் செய்ய வேண்டும்.

(தொடரும்)