ரப்பர் உருளை தேய்வது எதனால்? நெய்வேலி பெல்ட்டும் விமானத்தின் சரக்கு அறையும்

சமீபத்தில் சென்னை விமான நிலையத்தில் கண்ணாடி வழியே சரக்கு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய அலுமினியப் பெட்டி ஒன்று விமானத்தின் கதவு வரை வந்தது. அதற்குப் பிறகு யாரும் தள்ளின மாதிரி தெரியவில்லை, அதுவாகவே உள்ளே போய்விட்டது. எப்படி?

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். சரக்கு அறையின் தரையில் பந்துகளும் சும்மா சுழலும் உருளைகளும் பதித்திருக்கிறார்கள். அவை எடையைத் தாங்க மட்டும்தான். நகர்த்துவது வேறு ஒன்று. தரைக்கு அடியிலிருந்து, மோட்டார் பொருத்திய ரப்பர் உருளை மேலெழும்பி, பெட்டியின் அடிப்பாகத்தில் அழுந்திச் சுற்றும். எல்டி-3 என்ற சாதாரணப் பெட்டி சரக்கோடு சேர்த்து 1588 கிலோ வரை போகும். பெரிய சரக்கு விமானத்தின் மேல்தளத்தில் ஏறும் தட்டு 6804 கிலோ வரை. இதையெல்லாம் இழுப்பது உள்ளங்கை அகல ரப்பர்தான்.

அந்த ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? இந்தக் கேள்வி என்னை நேராக நெய்வேலிக்குக் கொண்டுபோய்விட்டது.

நான் டவுன்ஷிப்பில் வளர்ந்தவன். அப்பாவுக்குச் சுரங்கத்தில் கன்வேயர் வேலை. நெய்வேலியில் 1957-இல் மண் வெட்டத் தொடங்கினார்கள். ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க, அதன் மேலே கிடக்கும் பல கன மீட்டர் மண்ணை அகற்றியாக வேண்டும். பக்கெட் வீல் இயந்திரம் வெட்டித் தள்ளுவதை எஃகுக் கம்பி பொதிந்த பெல்ட்டுகள் கிலோமீட்டர் கணக்கில் சுமந்து போகும். பெல்ட்டை இழுக்கும் டிரம்மின் மேலே ரப்பர் உறை உண்டு. மண் விழும் இடத்தில், அடியைத் தாங்க ரப்பர் வளையம் கோத்த உருளைகள் இருக்கும்.

எங்கள் வீட்டு மேசையில் பேப்பர் வெயிட்டாக இருந்தது பழைய டிரம் உறையின் ஒரு துண்டு. "இவ்வளவு பாரம் தாங்கித் தாங்கித் தேஞ்சு போச்சாப்பா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "பாரத்துல தேயலடா. வழுக்குனா தேயும்" என்றார் அப்பா. அதன் அர்த்தம் இப்போதுதான் முழுசாகப் புரிகிறது.

முதலில் டிரம்முக்கு ரப்பர் எதற்கு என்று பார்ப்போம். பெல்ட் டிரம்மைப் பாதிச் சுற்று சுற்றியிருக்கிறது, மழை பெய்து ஈரமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் எஃகின் உராய்வு எண் சுமார் 0.1. காடி வெட்டிய ரப்பருக்குச் சுமார் 0.35. கணக்குப் போட்டால், எஃகு டிரம்மில் பெல்ட்டின் இறுக்கமான பக்கம் தளர்ந்த பக்கத்தைவிட 1.37 மடங்கு இழுக்கும் வரைதான் பிடிப்பு. ரப்பரில் 3 மடங்கு வரை. இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்குக் கிடைக்கும் இழுவை. எஃகில் 0.37, ரப்பரில் 2. அதாவது ஐந்து மடங்குக்கும் மேல். களிமண் ஒட்டினால் இரண்டுமே இன்னும் குறையும்.

பிடிப்பு விட்டால் என்ன ஆகும்? டிரம் சுற்றும், பெல்ட் நிற்கும். மோட்டாரின் சக்தி முழுக்க அந்த உராய்வில் சூடாக மாறும். ரப்பர் சூட்டைக் கடத்துவது எஃகில் சுமார் முந்நூறில் ஒரு பங்குதான். அதனால் சூடு உள்ளே பரவாமல் தோலிலேயே தங்கி, ரப்பர் இளகிப் பிசுபிசுக்கும், இல்லையென்றால் கருகும். நிலக்கரித் தூள் பக்கத்தில் இருந்தால் ஆபத்து ரப்பரோடு நிற்காது. 1950 செப்டம்பரில் இங்கிலாந்தின் கிரெஸ்வெல் நிலத்தடிச் சுரங்கத்தில், கிழிந்த பெல்ட் ஓரிடத்தில் அடைத்துக்கொண்டு உராய்ந்ததில் தீப்பிடித்தது. 80 பேர் இறந்தார்கள்.

விமானத்திலும் இதே கதைதான், அளவு மட்டும் சின்னது. பெட்டி எங்கோ சிக்கி நிற்கிறது, கீழே உருளை சுற்றிக்கொண்டே இருக்கிறது. 500 நியூட்டன் விசை, விநாடிக்கு 0.3 மீட்டர் வழுக்கல் என்று எடுத்துக்கொண்டால் 150 வாட். கையில் பிடிக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அப்படி ஆறு சால்டரிங் அயர்னை ஒரு சின்ன ரப்பர் உருளைமேல் வைத்த மாதிரி.

சரி, இன்னும் பலமாக அழுத்தினால் வழுக்காதே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ரப்பரில் அழுத்தம் கூடக்கூட உராய்வு எண் குறையும். பிடிப்பு கொஞ்சம் கூடும், தேய்மானம் அதைவிட அதிகமாகக் கூடும். தடிமனைக் கூட்டலாமா? ரப்பர் நன்றாக அமுங்கிக் கொடுக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி விரிவதிலேயே உள்ளே சூடு பிறக்கும், வெளியேற வழி இருக்காது. கடைசியில் ரப்பர் உலோகத்தோடு ஒட்டிய இடம் விட்டுப்போகும். அதனால்தான் உலோகத்தை மணல் வீசிச் சொரசொரப்பாக்கி, பசை தடவி, அதன் மேலேயே ரப்பரை வல்கனைஸ் செய்கிறார்கள்.

பொருளை மாற்றலாமா? பாலியூரிதேன் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் சூட்டிலும் ஈரத்திலும் பலவீனம். இயற்கை ரப்பர் கிழியாது, கல் விழுந்தாலும் தாங்கும். ஆனால் எண்ணெய் பட்டால் ஊதிவிடும். நெய்வேலி மாதிரி இடத்தில் டிரம்முக்குப் பீங்கான் பதித்த உறை போடலாம். விமானத்தில் அதைப் போட்டால் பெட்டியின் அலுமினிய அடிப்பாகத்தைச் சுரண்டிவிடும். எதை எடுத்தாலும் ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டும்.

ஆக, நல்ல ரப்பர் அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. வழுக்கலைக் கண்டுபிடித்து மோட்டாரை நிறுத்துவதுதான் உருளையின் ஆயுளைக் கூட்டும். கன்வேயரில் இதற்கு எளிய வழி இருக்கிறது: இழுக்கும் டிரம்மின் வேகத்தையும், பெல்ட்டால் சும்மா சுழலும் டிரம்மின் வேகத்தையும் ஒப்பிடு. வித்தியாசம் கூடினால் நிறுத்து. விமானத்திலும் மோட்டார் உருளைக்குப் பக்கத்தில் பெட்டியைத் தொட்டபடி சும்மா சுழலும் ஒரு சின்னச் சக்கரம் இருந்தால் இதே ஒப்பீடு போதும். மென்பொருளாக எழுதினால் பத்து வரிகூட வராது.

கொஞ்ச நேர வழுக்கலுக்கும் உடனே நிறுத்தினால் வேலை நடக்காது, ரொம்ப நேரம் பொறுத்தால் ரப்பர் போய்விடும். எத்தனை விநாடி பொறுப்பது என்பதில்தான் உண்மையான டிசைன் இருக்கிறது. ராத்திரி போனில் இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதைத்தானேடா அன்னைக்கே சொன்னேன்" என்றார்.