விரல் வெளுத்தால் அலட்சியம் வேண்டாம்!

ஐந்து வருஷங்களுக்கு முன், ஒரு மார்கழிக் காலை. குன்னூர்க் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வாசல் தெளித்துக் கோலம் போட்டுக் கொண்டிருந்தேன். திடீரென்று வலது கை விரல்கள் இரண்டு மரத்துப் போயின. கோலமாவு ஒட்டியிருக்கிறது என்று உதறினேன். மாவு இல்லை; விரல்களே வெள்ளை வெளேரென்று இருந்தன! சற்று நேரத்தில் நீலம் பாரித்து, பிறகு சிவந்து, ஊசி குத்துவது போல ஒரே வலி.

"உடம்புல ரத்தமே இல்ல. பீட்ரூட்டும் முருங்கைக் கீரையும் நிறையச் சாப்பிடும்மா" என்றார் மாமியார். சாப்பிட்டேன். விரல் கேட்கவில்லை. ஃபிரிட்ஜிலிருந்து மாவுப் பாத்திரத்தை எடுத்தாலே வெளுத்துவிடும். அடுத்த வருஷம் விரல்கள் வீங்கி, கல்யாண மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. தோல் இறுகிப் பளபளத்தது. விரல் நுனியில் வந்த புண் இரண்டு மாதமாகியும் ஆறாத பிறகுதான் கோவைக்குப் போனோம்.

வாதநோய் நிபுணரான அந்த டாக்டரம்மா, விரலைவிட மற்றதைத்தான் அதிகம் விசாரித்தார். "சாப்பாடு தொண்டையில அடைக்குதா? நெஞ்சு எரியுதா? மாடி ஏறினா மூச்சு வாங்குதா? வெயில்ல போனா முகத்துல தடிப்பு வருதா?" நகக்கண் ஓரத்து நுண்ணிய ரத்தக் குழாய்களை லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொன்னார்.

இப்படி விரல் வெளுப்பதற்கு 'ரேனாட்' என்று பெயராம். 1862-ல் இதை விவரித்த பிரெஞ்சு டாக்டர் மாரிஸ் ரேனாடின் பெயர் அது. குளிரோ மனப் பதற்றமோ வந்தால் விரலின் சிறு ரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கிவிடுகின்றன. பெரும்பாலோருக்கு இது தனியாக வரும்; ஆபத்தில்லை. எனக்கோ பின்னணியில் ஸ்க்ளீரோடெர்மா இருந்தது. தோலையும், சில சமயம் உள்ளுறுப்புகளையும் இறுகச் செய்யும் இணைப்புத் திசு நோய். லூபஸ் நோயிலும் இப்படி விரல் வெளுக்கலாம்.

கேட்டதும் என் பயமெல்லாம் மகள் மேல்தான். 18 வயது, அவளுக்கும் குளிரில் விரல் வெளுக்கும். அவளையும் அழைத்துப் போனேன். "சின்ன வயசுல ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி வருது. புண்ணு, வீக்கம் இல்ல. டெஸ்டும் சரியா இருக்கு. பயப்படாதீங்க" என்றார். போன உயிர் திரும்பியது!

நான் கடைப்பிடிப்பவை:

• கையுறை மட்டும் போதாது. தலை, மார்பு, பாதம் எல்லாமே கதகதப்பாக இருக்க வேண்டும்.

• விரல் வெளுத்தால் அக்குளில் வைத்துக் கொள்வேன். அல்லது வெதுவெதுப்பான நீர். அடுப்பில் காட்டவே மாட்டேன். மரத்த விரலுக்குச் சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும்.

• புகை ரத்தக் குழாயைச் சுருக்கும். என்னவர் சிகரெட்டை விட்டதே இதனால்தான்!

• ஜலதோஷம், ஒற்றைத் தலைவலி, ரத்த அழுத்தத்துக்கான மாத்திரைகளில் சில ஆகாது. டாக்டரைக் கேட்காமல் வாங்குவதில்லை.

டாக்டர் தந்த நிஃபெடிபின் மாத்திரையில் புண் ஆறியது. ரத்த அழுத்தம், இதயம், நுரையீரல் ஆகியவற்றைத் தவறாமல் பரிசோதித்துக் கொள்கிறேன். கோலமும் போடுகிறேன், வெயில் வந்த பிறகு!

சகோதரிகளே, முப்பது வயதுக்கு மேல் புதிதாக விரல் வெளுத்தாலோ, புண், வீக்கம், தோல் இறுக்கம் தெரிந்தாலோ கீரையோடு நிறுத்திவிடாதீர்கள். நான் வீணாக்கிய இரண்டு வருஷத்தை நீங்களும் வீணாக்க வேண்டாம்.