பைன் வெனீர் ஏன் மஞ்சளாகிறது?

புதிதாக ஒட்டிய பைன் வெனீர் வெளிறித்தான் இருக்கும். ஜன்னலோர அலமாரி மட்டும் சில மாதங்களில் தேன் நிறமாகிவிடுகிறது. ஏன்? மரநார்களைப் பிணைக்கும் லிக்னின், வெயிலின் புறஊதாக் கதிர்களை உறிஞ்சிச் சிதைகிறது. அதில் பிறக்கும் சேர்மங்கள் மஞ்சள் நிறமானவை. பூச்சாடி வைத்த இடம் மட்டும் பழைய நிறத்திலேயே இருப்பதும் இதனால்தான்.

வெனீரில் தெரியும் வரிகள்? வசந்தத்தில் வேகமாக வளர்ந்த மரம் வெளிர்நிறம். கோடையின் பிற்பகுதியில் வளர்ந்தது அடர்த்தியான கருங்கோடு. கட்டையைச் சுழற்றி உரித்தால் அகன்ற அலைகள் கிடைக்கும், வளர்ச்சி வளையங்களுக்குக் குறுக்காகச் சீவினால் நேர்கோடுகள். என் ஓட்டு நேர்கோட்டுக்கே.

கணுக்கள்தான் தொல்லை. அவற்றிலுள்ள பிசின் பெயின்ட்டையும் தாண்டிக் கறையாக வெளிவரும். முதலில் அரக்குப் பூச்சு கொடுங்கள். மஞ்சளைத் தேய்த்து நீக்க உப்புத்தாளை எடுக்காதீர்கள்: வெனீரின் தடிமன் பெரும்பாலும் 1 மில்லிமீட்டர்கூட இல்லை.